கெடிலம்னா நான்தான்

மன்னிப்புல்லாம் எதுக்குத் தம்பி. பேரப் பாத்துட்டு ஆம்பளன்னு நெனச்சிட்டீங்க, அவ்வளவுதானே. எல்லாரும் அப்படித்தான் நெனச்சிக்கிட்டு இருக்காங்க. கெடிலம்னா நான்தான். நெசப் பேரு அமராவதி, ஊரு கடலூரு, மஞ்சக்குப்பம். ஸ்கூல்ல பத்தாங் கிளாசுக்கு சயின்ஸ் எடுத்தேன், ரெண்டு வருஷம் முன்னாடி ரிட்டயர்டு. எங்க வீட்டுலேருந்து கொஞ்ச தூரத்துல கெடிலம் ஆறு ஓடுது. ஓடுதுன்னு சொல்லக் கூடாது, கெடக்குது. நெட்டுல இருக்கற கலைக்களஞ்சியத்துல எழுதக் கணக்கு ஆரம்பிக்கும்போது பேரு கேட்டுச்சா, அதப் போட்டுட்டேன்.

நீங்க இப்படித் தள்ளி ஒக்காருங்க, அந்த சன்னல்ல வெயிலு அடிக்கும். ஆமா தம்பி, இந்த பஸ்ஸுல நீங்க ஏறுனதப் பாத்துட்டுத்தான் நானும் ஏறுனேன். பயப்படாதீங்க, எனக்குப் புத்தி நல்லாதான் இருக்குது. சிதம்பரத்துல காலேஜ் பசங்களுக்கு கலைக்களஞ்சியத்துல எழுத சொல்லிக்குடுக்க நீங்க வர்றீங்கன்னு அதோட மொதப் பக்கத்துலயே போட்டிருந்துச்சு, போட்டோவோட. காலையில கெளம்பி வந்து காலேஜ் வாசல்ல நின்னேன், வாட்ச்மேன் உள்ள வுடல. நீங்க ஆட்டோ ஏறுனீங்க, நானும் ஒரு ஆட்டோ புடிச்சு பின்னாலயே பஸ் ஸ்டாண்டு வந்துட்டேன். அங்க உங்களுக்குச் சேதி போடுற பேச்சுப் பக்கத்துல எழுதிப் பாத்தேனே, நேத்தும் எழுதுனேன். நீங்க பாக்கல. பயிலரங்க வேல, புரியுது.

விஷயம் ஒண்ணே ஒண்ணுதான். வைட்டமின் கே கட்டுர. அத யாரும் திருத்த முடியாம நீங்க பூட்டி வச்சிருக்கீங்க. நிர்வாகிங்கள்ல நீங்கதான் பூட்டுனது. அதத் தொறக்கணும், இல்லன்னா நீங்களே அந்த ஒரு வரிய எடுத்துடணும். இன்னிக்கு சாயந்தரத்துக்குள்ள.

தெரியும், ஒரு வாரம் ஆனா தானா தொறந்துக்கும். ஒரு வாரம் ஆவாது தம்பி. ஏன் ஆவாதுன்னா… சொல்றேன், இருங்க.

மொதல்ல அந்தக் கட்டுர இருந்த லட்சணத்தக் கேளுங்க. நீங்க பூட்டுறப்ப முழுசாப் படிச்சீங்களா? இல்ல. யாருமே படிக்கல, அதான் நம்ம வியாதி. எழுதுறதுக்கு ஆயிரம் பேரு இருக்காங்க, படிக்கறதுக்கு ஒருத்தன் இல்ல. நான் ரிட்டயர்டு ஆகி வீட்டுல சும்மா கெடக்கறமேன்னு ஒவ்வொரு வைட்டமினாப் பாத்துக்கிட்டு வந்தேன். ஏ பாத்தேன், பி வரிச பூரா பாத்தேன், டி பாத்தேன். எல்லாத்துலயும் குப்பதான், ஆனா கூட்டித் தள்ளுற குப்ப. கே-யில வந்து மூக்கப் புடிச்சிக்கிட்டேன்.

மேல ஒரு படம். என்னா படம்னு நெனைக்கிறீங்க? வாழப்பழம். வைட்டமின் கே-க்கும் வாழப்பழத்துக்கும் என்னா சம்பந்தம்? பொட்டாசியத்துக்கு அடையாள எழுத்து கே. எவனோ ஒரு புள்ள பொட்டாசியத்தப் பத்தி நாலு பாரா எடுத்தாந்து வைட்டமினுக்குள்ள கொட்டிட்டுப் போயிருக்கான். இதுல ஒரு வருஷம் யாரோ போட்டி வச்சாங்களாம், யாரு ஜாஸ்தி கட்டுர எழுதுறாங்களோ அவுங்களுக்குப் பரிசுன்னு. அப்ப வந்து வுழுந்த சரக்கு. என் கிளாசுல இப்படி ஒரு பேப்பர் வந்தா நான் மார்க் போட மாட்டேன், அவங்க அப்பாவக் கூட்டிட்டு வரச் சொல்லுவேன்.

அப்பறம் மிஷினு மொழிபெயர்ப்பு. இங்கிலீஷ்ல இருக்கறத அப்படியே மிஷின்ல போட்டு அரச்சு ஊத்தியிருக்கு. ஒரு வாக்கியம் ஆரம்பிச்சா எங்க முடியுதுன்னு தேடிக்கிட்டு இருக்கணும். அத எழுதுன ஆளு எழுதிட்டு ஒரு தடவ, ஒரே ஒரு தடவ வாயால படிச்சுப் பாத்திருந்தா அவனுக்கே வாந்தி வந்திருக்கும். நடுவுல ஒரு நாட்டு மருந்துக் கடையோட போன் நம்பரு. ஆமா தம்பி, கலைக்களஞ்சியத்துல. ரத்தம் உறையறதப் பத்தி சொல்லிக்கிட்டே வந்து, மேலும் விவரங்களுக்கு அணுகவும்னு நம்பரு. சிதம்பரத்துக் கடதான். அது எத்தன வருஷமா அங்க இருந்துச்சுன்னு கட்டுரயோட திருத்த வரலாற்றுல போயிப் பாத்தா, அத ஒருத்தரும் கவனிக்கல, ஆனா அதுக்குக் கீழ இருந்த கமாவ மூணு பேரு திருத்தியிருக்காங்க.

சிரிக்காதீங்க. எனக்கு அருவருப்பா இருந்துச்சு. ஊருல யாருக்கோ கால் வீங்குது, ரத்தம் உறையாம இருக்க மாத்திர சாப்புடுறாங்க, கீரைய எப்படி சாப்புடணும்னு சந்தேகம் வந்து போனத் தட்டுறாங்க. தட்டுனா மொதல்ல வர்றது இதுதான். அவுங்களுக்கு வாழப்பழத்தக் காட்டுறோம்.

சரி, உக்காந்து சுத்தம் பண்ணேன். ஒரு மாசம் இருக்கும். பொட்டாசியத்த வாரி வெளிய போட்டேன். போன் நம்பர எடுத்தேன். முருங்கக்கீர, பசலக்கீர படம் போட்டேன். ஒவ்வொரு வரிக்கும் சான்று தேடிப் போட்டேன், சும்மா இல்ல, மருத்துவப் பாடப் புத்தகம், சுகாதாரத் துறை வெளியீடு. ராத்திரி கண்ணு எரியும். என் பொண்ணு சிந்துஜா கேப்பா, ஏம்மா, உனக்கு யாராவது சம்பளம் தர்றாங்களான்னு. அவ அப்ப தலப் பிரசவத்துக்கு எங்க வீட்டுக்கு வந்திருந்தா.

அப்பதான் அந்த வரி கண்ணுல பட்டுச்சு. கடைசிப் பிரிவுல, கொழந்தைங்கன்னு தலைப்பு. பிறந்த குழந்தைக்குத் தேவையான வைட்டமின் கே தாய்ப்பாலிலேயே முழுமையாகக் கிடைப்பதால் ஊசி தேவையற்றது, அது மருந்து வணிகத்தின் திணிப்பு. அப்படியே மனப்பாடமா சொல்றேன் பாருங்க. அத்தன தடவ அழிச்சிருக்கேன்.

உங்களுக்கு அது எவ்வளவு பெரிய பொய்யின்னு தெரியுமா? நீங்க இன்ஜினியரா? சரி, கேளுங்க. பொறக்கற எந்தக் கொழந்தைக்கும் ஒடம்புல இந்த வைட்டமின் ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கும். தாய் வயித்துலேருந்து சரியா வந்து சேராது. தாய்ப்பால்லயும் கொஞ்சம்தான். தாய்ப்பால் மாதிரி ஒசந்தது இல்ல, அத நான் இல்லன்னு சொல்லல, ஆனா இது அதுல கம்மி. குடல்ல கிருமி சேந்து அது உண்டாக்குற வரைக்கும் கொழந்தைக்கு ரத்தம் உறையற சக்தி கொறச்சல். நூத்துல தொண்ணூத்தொம்பது கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாது. ஏதோ ஒண்ணுக்குத் திடீர்னு ரத்தம் கசியும். தொப்புள்ல கசிஞ்சா கண்ணுக்குத் தெரியும். மண்டைக்குள்ள கசிஞ்சா? சிரிச்சிக்கிட்டு இருக்கற கொழந்த, பால் குடிச்சிக்கிட்டு இருக்கற கொழந்த, மறுநாளு தலைய ஒரு பக்கமா சாச்சிடும். அதத் தடுக்கறதுக்குத் தொடையில ஒரே ஒரு ஊசி. பொறந்த உடனே. அது போதும்.

அந்த ஊசியத்தான் வேணாம்னு போட்டிருக்கு நம்ம கலைக்களஞ்சியம்.

எடுத்தேன். மறுநாளு பாத்தா திரும்ப இருந்துச்சு. போட்டது வேர்முனைன்னு ஒரு ஆளு. சான்று கேட்டேன், ஒரு வீடியோவக் குடுத்தாரு. வீடியோல ஒருத்தரு மரத்தடியில நின்னுக்கிட்டு ஆடு மாடெல்லாம் ஊசி போட்டுக்குதான்னு கேக்குறாரு. இது சான்று. மறுபடி எடுத்தேன், மறுபடி போட்டாரு. பேச்சுப் பக்கத்துல போயி எழுதுனேன், மதிப்பிற்குரிய பயனரேன்னு ஆரம்பிச்சு. அவரும் மதிப்பிற்குரிய பயனரேன்னு பதில் எழுதுறாரு. மரியாதைக்கு ஒரு கொறச்சலும் இல்ல. பத்தி பத்தியா எழுதுனேன் தம்பி. பால்ல எவ்வளவு இருக்கு, கொழந்தைக்கு எவ்வளவு வேணும், எல்லாத்தையும் ஒரு மக்குப் பையனுக்கு விளக்குற மாதிரி. அதுக்கு அவரு எழுதுனாரு, நம் முன்னோர்கள் ஊசி இல்லாமல்தான் பிறந்தார்கள்னு. பொறந்தாங்க. எத்தன பேரு செத்தாங்கன்னு எவன் எண்ணிக்கிட்டு இருந்தான்.

வெளிய அவரு என்னா சொல்லிக்கிட்டு இருந்தாருன்னு தெரியுமா? இந்தக் கெடிலம்கறவன் மருந்துக் கம்பெனி ஆளு, ஆறடி ஒசரத்துல ஒருத்தன் மெட்ராஸ்ல ஏசி ரூம்புல ஒக்காந்து இதுக்குன்னே மாசாமாசம் காசு வாங்குறான்னு.

எனக்கு எப்படித் தெரியும்னா, காதுல வுழுந்துச்சு. வுடுங்க அத.

அப்பதான் நீங்க வந்தீங்க. இது தொகுப்புப் போர், ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அழிக்கறீங்க, சமாதானம் ஆவுற வரைக்கும் பூட்டுறேன்னு எழுதிட்டுப் பூட்டிட்டுப் போயிட்டீங்க. எந்த நெலமையில இருந்துச்சோ அந்த நெலமையில. கடைசியா போட்டது வேர்முனை. ஊசி தேவையற்றதுன்னு எழுதி அதுக்கு மேல பூட்டு.

நடுநிலை. தெரியுமே. அந்த விதிய நானும் படிச்சேன். நிர்வாகி யாரு பக்கமும் சாயக் கூடாது. ரெண்டு பேரு வாசல்ல அடிச்சிக்கிட்டா கதவச் சாத்துறது சரிதான் தம்பி. உள்ள கொழந்த படுத்திருக்கு, பக்கத்துல பாம்பு கெடக்குதுன்னு ஒருத்தி கத்துறா. சாத்துறதுக்கு முன்னாடி ஒரு பார்வ பாக்க வேணாமா? எனக்கு உங்க மேல கோவம்னு இல்ல. கொமட்டிக்கிட்டு வருது, அவ்வளவுதான். பொய்யையும் நெசத்தையும் ரெண்டு தட்டுல வச்சு, ரெண்டும் சமம், நீங்களே பேசித் தீத்துக்குங்கன்னு சொல்ற அந்த நல்ல மனசு இருக்கு பாருங்க, அத நெனச்சாலே கொமட்டுது. ஸ்கூல்லயும் பாத்திருக்கேன். காப்பி அடிச்சவனையும் புடிச்சவளையும் ஒண்ணா நிக்க வச்சு, ரெண்டு பேரும் சாரி சொல்லுங்கம்மான்னு எச்செம்மு சொல்லுவாரு.

அந்தப் பூட்டுக்கு வெளிய இருக்கறவங்க என்னா அர்த்தம் எடுத்துக்குவாங்கன்னு என்னிக்காவது யோசிச்சீங்களா? உங்களுக்கு அது சண்டைய நிறுத்துற சாமான். பாக்கற சனத்துக்கு அது முத்திர. பெரிய பெரிய ஆளுங்க ஒக்காந்து பாத்து, இது சரிதான், இனிமே யாரும் கை வைக்கக் கூடாதுன்னு முடிவு கட்டி மூடிட்டாங்கன்னு நெனைக்கறாங்க. நெசமாத்தான் சொல்றேன். அப்படித்தான் போன நீட்டிக் காட்டுறாங்க. டாக்டர்கிட்டயே காட்டுறாங்க.

ஆலப்பாக்கம் வந்துடுச்சா? இல்ல, இது புதுச்சத்திரம். சரி.

எந்த டாக்டர்கிட்டன்னா… இருங்க தம்பி, போனு அடிக்குது. ஒரு நிமிஷம்.

சொல்லுங்க மாப்ள. ஆங், பஸ்ஸுலதான் மாப்ள, வந்துக்கிட்டே இருக்கேன். வாங்கிட்டேன், நீங்க சொன்ன கடையிலயேதான், பிரசவ லேகியம் பெரிய டப்பாவா வாங்கியிருக்கேன். சிந்துஜா கண்ணு முழிச்சாளா? சரி சரி, தூங்கட்டும், வயித்தக் கிழிச்ச ஒடம்பு. பாப்பா? குடிச்சிச்சா, நல்லது. அழுவுதா? இல்லல்ல. ம். டாக்டரம்மா திரும்ப வந்தாங்களா? என்னா சொன்னாங்க? ம். ஆறு மணிக்குள்ளயா. ஒண்ணு கையெழுத்துப் போடணும், இல்லாட்டி வேணாம்னு எழுதிக் குடுக்கணுமா. ம். காட்டுனீங்களா? பூட்டையும் காட்டுனீங்களா. ம். ம். அவுங்களுக்கு மூஞ்சே இல்லாமப் போயிடுச்சா. சரி மாப்ள. உங்களுக்குத் தெரியாததா. நீங்க பாத்து செய்ங்க. நான் வந்துடுறேன். சாப்டீங்களா? சரி, வச்சிடுறேன் மாப்ள.

என்னா தம்பி அப்படிப் பாக்குறீங்க. ஆமா. அவருதான் வேர்முனை.

பொண்ணு கொழந்த. இன்னிக்கு விடியக்காலையில கடலூரு ஆஸ்பத்திரியில பொறந்துச்சு. செக்கச் செவேல்னு இருக்குது, மூக்கு மட்டும் எங்க வீட்டுக்காரரு மூக்கு.

மொதல்ல தெரியாது. சத்தியமாத் தெரியாது. பண்ருட்டிப் பக்கம் சிறுதானியக் கட வச்சிருக்காரு, மணிவண்ணன்னு பேரு, நல்ல மனுஷன், பீடி சிகரெட் கெடையாது, குடி கெடையாது. சனி ஞாயிறுன்னா சிந்துஜாவப் பாக்க வருவாரு. போன மாசம் ஒரு நாளு டேபிள்ல ஒக்காந்து சாப்டுக்கிட்டே சொல்றாரு, அத்த, கெடிலம்னு ஒரு ஃபிராடு, நான் போடுற ஒரு நல்ல விஷயத்த தெனமும் வந்து அழிக்கறான், உங்க ஊரு ஆத்துப் பேர வச்சிக்கிட்டுன்னு. நான் சட்னி ஊத்திக்கிட்டு நின்னேன். அப்பறம் இன்னொரு இட்லி வைக்கட்டுமா மாப்ளன்னு கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன்.

சொல்லியிருக்கலாமேன்னுதான் நீங்களும் கேப்பீங்க. எங்க வீட்டுக்காரரு போயி ஆறு வருஷம் ஆச்சு. மாமனாரு இருந்தா அவரு பேசியிருப்பாரு, ஆம்பளைக்கு ஆம்பள. எங்க சனத்துல மாமியாகாரி மாப்ளைக்கு எதுத்தாப்புல ஒக்கார மாட்டா, எதுத்துப் பேசவும் மாட்டா. என்னாடா இவ, பி.எஸ்சி., பி.எட். படிச்சவ, அறுவது புள்ளைங்கள ஒரு அதட்டுல அடக்குனவன்னு உங்களுக்குத் தோணும். எனக்கும் தோணுது. அதுவும் அருவருப்பாத்தான் இருக்குது. ஆனா ஒரு தடவ வாயத் தொறந்து பாத்துட்டேன். சிந்துஜாவுக்கு மூணாம் மாசத்துல ரத்தம் கொறச்சலா இருந்துச்சு, டாக்டர் குடுத்த இரும்புச்சத்து மாத்திரைய சாப்புடட்டுமே மாப்ளன்னு சொன்னேன். ஒரு கத்தல் இல்ல, கோவம் இல்ல. கையக் கழுவிட்டு, கெளம்பு சிந்துன்னாரு. அன்னிக்கே பண்ருட்டிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. அப்பறம் வளைகாப்பு வரைக்கும் என் பொண்ண நான் கண்ணால பாக்கல. போனு பண்ணா அவருதான் எடுப்பாரு, நல்லா இருக்கா அத்தம்பாரு.

இப்ப போயி அந்த ஃபிராடு நான்தான்னு சொன்னா என்னா ஆவும்? ஊசியும் போட மாட்டாரு, தையல் போட்ட வயித்தோட அவளையும் கொழந்தையையும் இன்னிக்கே வண்டி வச்சுக் கூட்டிட்டுப் போயிடுவாரு. மாமியாகாரி சொல்லி ஒரு ஆம்பள மாத்திக்கிட்டான்னு இருக்கக் கூடாது. டாக்டரம்மாவும் சொல்லிப் பாத்துட்டாங்க, அவருக்கு அவுங்க ஊசி விக்கறவங்க. சிந்துஜாகிட்ட கேட்டா, அவரக் கேளுங்கம்மான்னு சொல்லிட்டு மயக்கத்துலயே திரும்பிப் படுத்துட்டா. அவரு யாரு பேச்சக் கேப்பாருன்னா அந்தக் கலைக்களஞ்சியப் பக்கம் சொல்றதத்தான். காலையில அவரே சொன்னாரு, இதுல தப்புன்னு போட்டிருந்தா நானே கையெழுத்துப் போட்டிருப்பேன் டாக்டர், பாருங்க, பூட்டியே வச்சிட்டாங்கன்னு. கொழந்தையக் கையில வச்சிக்கிட்டு சொன்னாரு. கண்ணு கலங்கியிருந்துச்சு அவருக்கு. கொழந்தைக்கு வலிக்கும்னு நெசமாவே பயப்படுறாரு.

கல்யாணம் ஆகி இந்த ரெண்டு வருஷத்துல நான் அவருகிட்ட, நீங்க சொல்றது தப்புன்னு சொன்னது அங்க ஒரு எடத்துலதான் தம்பி. மூஞ்சி தெரியாம, ஆத்துப் பேர்ல, மதிப்பிற்குரிய பயனரேன்னு. அவரும் நின்னு பதில் சொல்லிக்கிட்டு இருந்தாரு. அதுக்கும் பூட்டு போட்டுட்டீங்க.

நான் எழுத வேணாம். கெடிலம் பேரே அங்க வர வேணாம். நீங்க அந்த சுகாதாரத் துறை வெளியீட்டப் படிங்க, என் போன்ல இருக்குது, தமிழ்லதான் இருக்குது. படிச்சிட்டு உங்களுக்குத் தப்புன்னு பட்டா நிர்வாகிங்கற பேர்ல நீங்களே மாத்துங்க. உங்க பேர்ல இருந்தா அவரு நம்புவாரு. கடலூரு போறதுக்கு முக்கால் மணி நேரம் இருக்குது, நான் வாயே தொறக்கல, நீங்க படிங்க.